சனிக்கிழமை, நாலு பத்து

தெற்கு பஜாரில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய
சிவப்பு நகப்பூச்சு.
பல்லின் மேல் இரண்டு கை பூசுகிறேன்.
நடுவில் மட்டும் ஒரு சன்னல்,
நாலு மில்லிமீட்டர்.
அமிலம் வந்துபோக அது போதும்.

‘இதென்ன, பல்லுக்கு மருதாணியா?’
தரை துடைத்தபடி பேச்சித்தாய்.

எல்லாம் கம்பி போட இடம் வேண்டுமென்று
பிடுங்கிய நல்ல பற்கள்.
பதினேழாம் எண் முக்கூடல்காரப் பெண்ணுடையது;
பெண் பார்க்க வருமுன் வரிசை நேராக வேண்டுமாம்.
ஒரு கீறல் கிடையாது.
அதைத்தான் கெடுக்கப்போகிறேன்.

தொண்ணூற்றாறு மணி நேரம்,
முப்பத்தேழு டிகிரி, வாயின் சூடு.
வெளியே பாளையங்கோட்டை நாற்பதில் காய்கிறது.
ஏசி போட்டு அறையைக் குளிரவைத்து
அதற்குள் பெட்டியைச் சூடாக்குகிறோம்.

‘சொத்தை வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க மேடம்,
மூணு பிள்ளைக்கும் இருக்கு, ஓசியிலயே தாரேன்.
இதுக்குப் போயி கவர்மென்டு காசா?’

சிரித்துவிட்டேன்.
பதில் பஸ்ஸில்தான் வந்தது,
வண்ணாரப்பேட்டை தாண்டும்போது:
உன் பிள்ளைகளின் சொத்தை என்றைக்குப் பிறந்தது பேச்சித்தாய்?
எந்த ராத்திரி, எந்த மிட்டாய்?
இதற்கு எனக்குத் தெரியும்.
சனிக்கிழமை, சாயங்காலம் நாலு பத்து.
காசு அதுக்குத்தான்.

புதன், நாலு பத்து.
கழுவிக் காற்றடித்தால்
சன்னலில் சுண்ணாம்பு வெள்ளை.
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் காணோம்.
தொட்டால் வழுக்குகிறது;
மேலே அப்படியே இருக்க
அடியில்தான் கரைந்திருக்கிறது.
பதினேழில் ரொம்ப அழகாக வந்திருந்தது.
‘அழகு’ என்று நோட்டில் எழுதி, அடித்தேன்.

மறுநாள் கடைக்குட்டியைக் கூட்டி வந்தாள்.
சங்கிலிபூதத்தான், ஏழு வயசு.
‘ஆ காட்டுலே.’
காற்றடித்தேன், கூசி நெளிந்தான்.
புதிதாய் முளைத்த முன்பல்லில், ஈறோரம்,
அதே வெள்ளை.
சன்னல் இல்லை, ஓரம் கலைந்து கிடந்தது.

‘அது பால் கறை மேடம்.’
‘இல்ல. இன்னும் குழி விழல. இப்பன்னா திருப்பிரலாம்.’
எப்போதிலிருந்து என்று கேட்க வாயெடுத்தேன்,
அவன் வாயை மூடிக்கொண்டான்.

மறுபடி திறந்தபோது
எச்சில் நனைத்த பல்
பளபளவென்றிருந்தது.

‘பாத்தீங்களா,’ என்றாள் பேச்சித்தாய்,
‘போயிட்டு.’