செவ்வாய்க்கிழமை மதியம்

பென்சிலால்தான் போட்டேன்.
பம்ப் அறை ஈரத்தில் மை ஊறிப் பரவும்.
எட்டுக் கட்டங்கள், கட்டத்துக்கு ஐந்து கோடு.
குளோரின் வாளி மூடியின்மேல் காகிதம் விரித்து
நான்கு வருடத்தை வரைந்தேன்.
வெளியே வின்னிபெக், மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே என் கழுத்து வியர்த்தது.

முதலில் சுலபம்.
பொது வேதியியல் ஒன்று, பிறகு இரண்டு.
இரண்டு முடித்தால்தான் கரிம வேதியியல்.
நுண்கணிதம் முடித்தால்தான் இயற்பியல்.
இரண்டும் கைகோத்து வந்தால்தான்
இயற்பு வேதியியல் கதவைத் திறக்கும்,
அதுவும் ஒற்றைப்படை ஆண்டில்,
குளிர்காலப் பருவத்தில் மட்டும்.
தவறவிட்டால் இரண்டு வருடம்
வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பிறகு ஆய்வகம்.
கையேட்டில் அதற்குப் பொடி எழுத்து.
கரிம வேதியியல், இரண்டாம் ஆண்டு,
செவ்வாய் மதியம் ஒன்றரை முதல் ஐந்தரை.
வேறு பிரிவு இல்லை.

செவ்வாய் மதியம் ஒன்று முதல் ஒன்பது வரை
நான் இங்கே,
நகராட்சி நீச்சல்குளத்தில்.
மூட்டுவலிக்காரர்களின் நீர்ப்பயிற்சி,
அது முடிந்ததும் பள்ளிக்கூடம் விட்ட கூச்சல்,
இரண்டு மணிக்கொருமுறை குழாயில் நீர் அள்ளி
ஐந்து சொட்டு விட்டு
நிறம் பார்ப்பது.

அந்த ஐந்து சொட்டில் வந்த வினை இது.
சிவந்தால் சரி, மஞ்சளடித்தால் சோடா போடு
என்று மூன்று வருடம் இருந்தவள்
ஒருநாள் ஏன் என்று கேட்டுத் தொலைத்தேன்.
குளத்து வாசனை குளோரினுடையது அல்ல,
நம் வியர்வையும் மூத்திரமும்
அதனோடு கூடிப் பெற்ற வேறொன்றினுடையது
என்று தெரிந்த வாரம்
கண்டவரிடமெல்லாம் சொன்னேன்.
ரொட்டிக்கடை வரிசையில் ஒருத்தி
தள்ளி நின்றுகொண்டாள்.

அழித்தேன். மறுபடி போட்டேன்.
நான்கு ஆறானது.
ஆறை ஐந்தாக்க இரண்டு கோடையை விற்றேன்.
கட்டணத்தைக் கூட்டினால்
திரும்பவும் ஆறு.

சமன்பாட்டை நேர்செய்ய
முன்னால் எந்த எண்ணும் போடலாம்,
காலடி எண்ணைத் தொடக்கூடாது
என்கிறது இரவல் புத்தகம்.
என் காலடி எண்கள்:
வாடகை,
பஸ் பாஸ்,
எமீலின் பல் கம்பி, இன்னும் பதினான்கு தவணை.

எல்லாம் ஒருவழியாய் உட்கார்ந்தபின்னும்
செவ்வாய் மட்டும் வெறுவாயாகவே நின்றது.

கொதிகலன் பார்க்கும் போஹ்தான்
சாண்ட்விச்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தான்.
"என்ன இது, பிங்கோவா?"
"பட்டப்படிப்பு."
"இந்த ஓட்டை?"
சொன்னேன்.
நீர் பார்க்கும் சான்றிதழ்
இங்கே எனக்கும் அவனுக்கும் மட்டும்தான்.
மென்று முடிக்கும்வரை பேசவில்லை.
பெரிய மனதோடு ஏதோ சொல்லப்போகிறான் என்று
காத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.
"செவ்வாய் எனக்கு ஹாக்கி ஆச்சே, ஒடீல்."
போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில்
கதவிடுக்கில் தலை மட்டும் வந்தது.
"ஒரு செவ்வாய்க்கு இரண்டு ஞாயிறு.
யோசித்துச் சொல்."

ஞாயிறு எமீலுடையது.
அப்பம் கருகும், சாக்ஸ் தேடுவோம்,
உறைந்த ஆற்றின்மேல் பாலம்வரை நடந்து
ஒன்றும் பேசாமல் திரும்புவோம்.
ஓரத்தில் சின்னதாக எழுதினேன்:
ஒன்றுக்கு இரண்டு.
வட்டம் போடவில்லை. அழிக்கவும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கடைசி நீர்.
ஏழு புள்ளி நான்கு.
அதே பென்சிலால் பதிவேட்டில் குறித்தேன்.

பஸ் நிறுத்தத்தில் கோட்டுப்பைக்குள்
ஈரக் காகிதம் தகடாய் விறைத்திருந்தது.
வீட்டில் பிரித்தபோது மடிப்பில் பிளந்தது,
மூன்றாம் ஆண்டுக்கும் நான்காம் ஆண்டுக்கும் நடுவே.
ஹீட்டர்மேல் காயவைத்து டேப் ஒட்டினேன்.
பேனா எடுத்து
முதல் கட்டத்தின் முதல் கோட்டில் மட்டும்
மையால் எழுதினேன்:
பொது வேதியியல் ஒன்று,
வியாழன் மாலை.

"வியாழக்கிழமை யார் சமைப்பது?"
என்றான் எமீல், தலை நிமிராமல்.