ஞாயிறு 4.15

சனிக்கிழமை விடியும்போதே
ஒட்டுசுட்டானில் கரண்ட் இல்லை.

எங்கள் வகுப்பில் மூன்று பேர் வெளிநாட்டுப் பயிற்சிக்குத் தேர்வானோம்.
மற்ற இருவரின் ஸ்டேட்டஸில்
கண்ணாடிக் கட்டடங்கள், மெட்ரோ, நுரை வைத்த காபி.
என்னுடையதில் ஒரு வாளி,
செம்மண் இறங்க மறுக்கும் இரண்டு ஜீன்ஸ்,
அவற்றைக் கொடியில் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு மயில்.

"ஃபாரின் எப்படிடி இருக்கு?"
பவானியிலிருந்து அம்மா,
வீடியோவில் உறைந்து உறைந்து.
பஸ் பலகை எனக்குப் படிக்கத் தெரிகிறது என்றேன்.
அவளுக்கு அது ஏமாற்றமாக இருந்திருக்கும்.

படிக்கத் தெரியும். ஆனாலும்
முதல் வாரம் அலுவலக வாசலில் கம்சிகா
"ஆறுதலா வாங்கோ" என்றபோது
யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி
படியில் இடறினேன்.
இங்கே அதற்கு
அவசரமில்லை, மெதுவாக வா என்று பொருளாம்.
மதகு என்றால் துருசு.
பேசு என்றால் கதை.
நான் பேசுவதெல்லாம் சினிமா மாதிரி இருக்கிறதாம்.

மற்ற நாட்களில்
முத்தையன்கட்டுக் குளத்தின் துருசு மேடையில்
நாங்கள் பொருத்திய சென்சரோடு இருப்பேன்.
உள்ளங்கை அகலம். தலைகீழாகத் தொங்கும்.
கால்மணிக்கு ஒருமுறை ஒலியனுப்பி
நீர் எத்தனை அடி என்று கேட்டுக்கொள்ளும்.
அதற்குச் சனி ஞாயிறு கிடையாது.

எனக்கு இருந்தது.
சனி முழுக்கத் தூங்கினேன்.
மாலை, சந்திக் கடையில் கொத்து ரொட்டி.
தகரத்தில் தகரம் அடிக்கும் அந்தத் தாளத்தின் அதிர்வெண்ணை
ஃபோனில் அளந்துவிட்டு
சீ என்றாகி ஆப்பை மூடினேன்.

ஞாயிறு கம்சிகா வந்தாள்,
பின்னால் அவள் தம்பி டினோஜன்
சைக்கிள் கரியரில்
உழவு மெசின் ரியூப் ஒன்றை ஊதிக் கட்டியபடி.
ஒரு பை பாலைப்பழம்.
"முதலை இருக்குமா?"
"இருக்கும். ஞாயிறெண்டா அதுகும் லீவு."

குளக்கட்டில் உட்கார்ந்து தின்றோம்.
மஞ்சள் மஞ்சளாய், தேனைவிடக் கொஞ்சம் முரட்டு இனிப்பு.
கம்சிகாவுக்கு இருபத்திரண்டு.
நடப்பு வருடத்திலிருந்து அதைக் கழித்து,
பிறகு வேறொரு வருடத்தோடு ஒப்பிட்டு,
கணக்கு எனக்குள் முடிந்துவிட்டது.
அப்போது ஏழு வயது.
எங்கே இருந்தாய் என்று கேட்க வாயைத் திறந்தால்
திறக்கவில்லை.
பழத்தின் பால் இரண்டு உதட்டையும் ஒட்டியிருந்தது.
அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.
"தேங்காயெண்ணெய் பூசோணும், முதலே சொல்லேல்லை நான்."
கேள்வி உள்ளேயே கிடந்தது.
அங்கேயே கிடக்கட்டும் என்று நினைத்ததும் நான்தான்.

வெயில்.
ரியூபின் கயிற்றை டினோஜன் அளவுகோல் கம்பத்தில் கட்டினான்.
நீருக்கு மேல் நிழல் விழுந்தது ஓரிடத்தில்தான்,
துருசு மேடைக்குக் கீழே.
அங்கே போய் மிதந்தேன்.
தலைக்கு மேலே எதுவோ மெல்ல டிக் என்றது.
காதில் போட்டுக்கொள்ளவில்லை.
கரையில் தம்பியும் அக்காவும்
கடைசிப் பழத்துக்குச் சண்டை.
வானம் அதுபாட்டுக்கு.
தூங்கிப்போனேன் போல.

திங்கள் காலை திரையில் வரைபடம்.
இரண்டு நாளும் சலனமில்லாத நீலக்கோடு,
ஞாயிறு நாலேகாலுக்கு மட்டும்
ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு கூர்.
சிவநேசராசா சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"மழையும் இல்லை. மாடு ஏதும் இறங்கி நிண்டிருக்கும்.
அழிச்சுவிடும், பிள்ளை."
பதினெட்டு அடித் தண்ணீரில்
எந்த மாடு நிற்கும் என்று
யாரும் கேட்கவில்லை.
கம்சிகா பிளேன்ரீக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அழித்தேன்.
காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால்
அந்த மென்பொருள் மேலே போகவிடாது.
கொஞ்சம் யோசித்து
தமிழில் தட்டினேன்:
ஆறுதல்.