இடது ஓரம்

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
நாலு பெஞ்சு, ஒரு ஸ்டவ், ரசம் சோறு.
எட்டு வருஷமாய் எங்கள் வாடிக்கை
காட்பாடியில் ரயிலிறங்கி
எக்ஸ்ரே உறையைக் கக்கத்தில் இடுக்கி வருகிறவர்கள்.
மால்டாவிலிருந்து, தன்பாத்திலிருந்து,
பேர் வாயில் நுழையாத ஊர்களிலிருந்து.
"ஜால் கொம்" என்பார்கள்.
காரம் கம்மியாய் என்று அர்த்தம்.
அந்த இரண்டு சொல்லில் நடந்தது என் வியாபாரம்.
பலகையில் வங்காள எழுத்தில் விலை எழுதித் தந்தவர்
மனைவிக்குக் கீமோ நடந்தவரை
அரைச் சோறு கடன் சொல்லித் தின்றவர்.
கடைசி நாள் கணக்கைத் தீர்த்துவிட்டு
ஒற்றை ஆளாய் ரயிலேறினார்.

சித்திரை வெயிலில் வந்தான் அந்தப் பையன்.
தாடி, தொப்பி, கம்பியில் செருகிய போன்.
"அக்கா, சட்டிய அப்படியே சாய்ச்சு ஊத்துங்க,
ஆவி தெரியணும்."
மூன்று தரம் ஊற்றினேன்,
ஊற்றியதையே சட்டிக்குத் திருப்பி.
"சிரிங்க அக்கா."
சிரித்தேன்.
காசு கொடுத்துத்தான் தின்றான், பொய் சொல்லக்கூடாது.

வெள்ளி ராத்திரி வீடியோ வந்தது.
ஞாயிறு காலை சந்து முனையில்
கர்நாடகா நம்பர் கார் மூன்று.
என் வீட்டுக்காரர் சம்பங்கி
ஜென்மத்தில் முதல் தடவை டோக்கன் புத்தகம் வாங்கினார்.
வாலாஜாவில் வாழ்க்கைப்பட்ட நாத்தனார்
பதினோரு வருஷக் கோபத்தை விட்டுக் கூப்பிட்டாள்:
"அண்ணி, நீ போன்ல வந்துகினு கீறியே!"

வந்தவர்களுக்கு ரசம் சிவப்பாய் வேண்டும்.
சிவக்காத ரசம் படத்தில் தண்ணீராய்த் தெரியுமாம்.
குண்டூர் மிளகாய் ஏற்றினேன்.
சோறு ஆறும்வரை படமெடுத்து
ஆறிப்போச்சு என்று வைத்துவிட்டுப் போனார்கள்.
வங்காளப் பலகையைக் கழற்றிய ஆணியில்
ஸ்கேன் அட்டை தொங்கியது.
கட்டடக்காரர் வந்தார்,
வாடகை இனி ஒன்றரை மடங்கு என்றார்,
போகும்போது என்னோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் அவள்.
குழந்தைகள் வார்டில் பிள்ளையை வைத்திருந்தவள்.
ஷெஃபாலி என்று பேர், நினைவு சரியென்றால்.
மூடி நசுங்கிய தூக்குவாளி.
டோக்கன் அறுபத்து மூன்று.
"ஜால் கொம்?" என்றாள் தூரத்திலிருந்தே.
எனக்கு முன்னால் ஒருத்தன் லைவில் இருந்தான்.
கரண்டியை அசைத்தேன்.
இரு என்றா, இல்லை என்றா,
எனக்கே தெரியவில்லை.
அவள் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

ஆடி பிறக்குமுன் பையன்
சத்துவாச்சாரிக்குப் போய்விட்டான்.
அங்கே மூங்கிலில் வேகும் பிரியாணி.
கூட்டமும் அவன் பின்னால்.
எங்கள் பேருக்குக் கீழே
முகமில்லாதவர்கள் எழுதியிருந்தார்கள்:
ஓவர் பில்டப்பு.
ரேட்ட ஏத்திட்டாங்க.
முன்ன மாதிரி இல்ல.
முன்னே எப்படி என்று இவர்களுக்கு யார் சொன்னது?

காரம் ஜாஸ்தி என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.
அது மட்டும் நிஜம்.

பலகையைத் தேடி மாட்டினேன்.
கொல்லையில் கிடந்ததில் ஒரு எழுத்து அழிந்திருக்கிறது.
என்ன எழுத்தென்று கேட்க ஆளில்லை.
எக்ஸ்ரே உறைகள் ஒன்றிரண்டாய் வருகின்றன.
வாடகை இறங்கவில்லை.

ராத்திரி பாத்திரம் கவிழ்த்தபிறகு
மகளின் போனில் அந்த வீடியோவைப் போடுவேன்.
அதில் சிரித்துக்கொண்டிருக்கும் எனக்காக இல்லை.
ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது விநாடியில்
"கொஞ்சம் நகருங்க" என்று பையன் சொல்ல
இடது ஓரத்தில் ஒரு கை,
மூடி நசுங்கிய தூக்குவாளி,
உள்ளே வந்து வெளியே போகும்.
பிள்ளை தேறிற்றா
என்று அந்தக் கையைக் கேட்பேன்.
நிறுத்துவேன், பின்னே இழுப்பேன்,
மறுபடியும்.

"நீ பாக்கறதெல்லாம் அவனுக்குத்தாம்மா காசு"
என்கிறாள் மகள்.
நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரில்
எத்தனை பேர் நான்
என்று எனக்கும் தெரியாது.