நனைந்த அரிசி

எங்கள் ஊருக்குக் கடல் தெற்கே.
மேற்கே பனங்காடு, அதற்கு மேலே அன்றைக்கு மேகம்.
இருபத்தொன்பதாம் நோன்பு திறந்த கையோடு
பள்ளி மாடியில் ஏறி நின்ற முப்பது பேரும்
ஆளுக்கொரு பிறை பார்த்தார்கள்.
ஒன்று விமானம். ஒன்று பனைமட்டை.
ஒன்பது மணிக்குச் செயலாளர் மைக்கைத் தட்டிச் சொன்னார்:
நாளைக்கும் நோன்பு.

நான் கஞ்சிக்காரன். பிறை என்றால் எனக்கு
அரிசி நனைக்கலாமா வேண்டாமா என்பதுதான்.

பெரியபட்டினத்தில் எங்கள் தெருவுக்குக் காவிரி
நாலு நாளைக்கு ஒருதரம், ராத்திரி பத்துக்கு மேல்.
குழாய் இருமியது. கிடாரத்தை உருட்டிக்கொண்டு ஓடினேன்.
இருபத்தைந்து கிலோ நொய், இரண்டு பிடி வெந்தயம்,
கழுவி, நீர் நிறைத்து, துணி போட்டு மூடி
கையைத் துடைக்கவில்லை இன்னும்,

கரையில் வள்ளம் இழுக்கும் சத்தம்.

நூகும் மீராசாவும். இடுப்புவரை உப்பு.
அப்பா தீவுக்கு அந்தப்புறம், போன் எட்டாத தண்ணீரில்,
மேகத்தின் அடியில் ஒரு கிழிசல் இருந்ததாம்.
அதற்குள் சாளைமீன் முள் அளவுக்கு, பிறை.
போட்ட வலையை விட்டுவிட்டா வர முடியும் என்றான் மீராசா,
யாரும் கேட்காமலே.

ஹஜ்ரத் இருவரையும் தனித்தனியே விசாரித்தார்.
கொம்பு எந்தப் பக்கம்? எவ்வளவு நேரம் நின்றது?
முதலில் கண்டது யார்?
நூகு எச்சில் விழுங்கினான்.
சந்தியாகு.
முத்துப்பேட்டைச் சந்தியாகு, சுக்கான் பிடித்திருந்தவன்,
"டேய், உங்க பெருநாள்டா" என்று கை நீட்டியவன்.
அவர் காட்டினார், சரி. நீங்கள் பார்த்தீர்களா?
பார்த்தோம் ஹஜ்ரத்.
தாளில் இரண்டு கையெழுத்து.
பதினொன்றரைக்குத் தக்பீர். தெரு முழுக்கத்
தாழ்ப்பாள் விழும் ஓசை.

என் கிடாரத்தில் மட்டும் முப்பதாம் நோன்பு
ஊறிக்கொண்டு கிடந்தது.

ஹஜ்ரத், நனைந்த அரிசியைப் பித்ராவில் சேர்க்கலாமா?
கலந்தர், போய்த் தூங்கு என்றார்.

ருக்கையா லாத்தா துணியை விலக்கி மோந்து பார்த்தாள்.
வெந்தயமும் போட்டாச்சா? அப்ப ஆப்பம்தான், வேற பேச்சில்லை.
வாளி வாளியாய் பதினொரு வீட்டுக்குப் போனது என் கஞ்சி.
மருதாணிக் கையை ஆகாயத்தில் பிடித்துக்கொண்ட குமரிகள்
முழங்கையாலேயே சுவிட்சைப் போட்டார்கள்.
ஒருமணி வரைக்கும் கிரைண்டர்கள்.
புதுச்சட்டையின் ஊசியை எடுக்காமல் தூங்கிப்போன பிள்ளைகள்.

மூன்றரைக்கு விழிப்பு வந்தது.
யாரும் எழுப்பவில்லை, எழுப்ப வேண்டியதும் இல்லை.
சொம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுபோய்,
ஸஹர் முடிய எத்தனை நிமிடமென்று கடிகாரம் பார்த்தேன்.

திடலில் கடைசி வரிசை கிடைத்தது.
கைகட்டி நின்றால் விரலில் வெந்தயம்.
பக்கத்தில் நின்றவன் அத்தர் பூசியிருந்தான்;
முஸாபஹா செய்துவிட்டுத் தன் உள்ளங்கையை முகர்ந்தான்.
முன்னூறு ஆப்பம், தேங்காய்ப்பால், ஆட்டுக்கால்.
எண்ணியவள் ருக்கையா லாத்தா. நான் ஏழு தின்றேன்.
மதியம் பிரியாணி. அதற்குப் பிறகும் பிரியாணி.

ஆறு மணிக்கு, கால் தானாகக் கொட்டகைக்கு வந்துவிட்டது.
பையன்கள் கிடாரத்தைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.
வாசலில் சந்தியாகு, கையில் தூக்குவாளி,
முப்பது நாளாக வருகிற அதே நேரம்.
இன்னிக்கு இல்லைல்ல, என்று தானே சொல்லிச் சிரித்தான்.
சாக்கை உதறினேன். ரெண்டு பிடி நொய் உதிர்ந்தது.

சின்னச் சட்டி. இஞ்சி, ஒரு துண்டு ரம்பை இலை.
மேற்கே இன்றைக்கு மேகமில்லை.
பனைகளுக்கு மேல் பிறை, சற்றே தடித்து,
ஊரே பார்க்கிறாற்போல்.
இதுவா?
ம்ஹூம். நேத்து இருந்தது வேற, என்றான்.

கஞ்சியை இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.
இன்று நோன்பு வைப்பதே ஹராம்.
அவனுக்கோ என்றைக்கும் நோன்பில்லை.
இருந்தும் இருவரும் தொடவில்லை.
ஆவி அடங்கிக்கொண்டு வந்தது.
மோதினார் மைக்கை ஊதிப் பார்த்தார்.