வழக்கமாக வசிப்பவர்

பாகம் எண்பத்தேழு, பள்ளத்தூர்.
கார்த்திகை மழை விட்ட ஞாயிறு.
அங்கன்வாடிக்கு விடுமுறை, எனக்கு இல்லை.
பிளாஸ்டிக் உறைக்குள் பட்டியல்.
பையில் ஆறாம் படிவம், ஏழு, எட்டு:
சேர்க்க, நீக்க, திருத்த.

பெ.அ.நா. வீட்டில் பதினான்கு வாக்காளர்.
முகப்புக் கதவில்
என் உள்ளங்கை அகலப் பூட்டு.
தட்டினேன்.
உள்ளே வளவிலிருந்து ஒரு புறா எழுந்து போன சத்தம்.

ஐவர் சென்னை. மூவர் கோவை.
பினாங்குக்காரர் குடியுரிமையே மாறிவிட்டார்.
இறந்த இருவர்
இன்னும் என் பட்டியலில் படமாய்ச் சிரிக்கிறார்கள்.
மற்றவர்களைத் தெருவில் கேட்டால்
"சாமி கும்பிட வருவாக."
சாமி கும்பிட வருவது வசிப்பதாகாது என்று
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.

சுற்றிப் போனேன்.
லேசில்லை. இந்த வீதியில் வாசல் வைத்த வீடு
அடுத்த வீதியில்தான் முடியும்.
அந்த வீதி பாகம் எண்பத்தெட்டு,
இருளாயி டீச்சர் பொறுப்பு.
பின்வாசலில் வெள்ளைக்கண்ணு,
பாதித் தூக்கத்தில் எழுந்த கண்ணோடு.

"விலாசம் சொல்லுங்க."
"பெ.அ.நா."
"அது வீட்டுக்காரங்க விலாசம். உங்களுது?"
யோசித்தார்.
"இங்கனதான் கெடக்கேன். ஒம்பது வருசம்."
"ஓட்டு?"
"திருமயத்துப் பக்கம் இருந்துச்சு. வீடு விழுந்துருச்சு.
போன தடவை போனா, பேரு இல்லேன்னாக."

எங்களுக்குச் சொல்லித்தந்த கேள்வி எளிது:
இரவில் எங்கே உறங்குகிறார்?
கேட்டேன்.
"ராத்திரி உறங்குனா வேலை போயிருமே தாயி."

பேனா அப்படியே நின்றது.
உறங்காததால் இவர் இங்கே வசிக்கவில்லையா?
என் கையேட்டில்
பகலில் உறங்குகிறவர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அதற்குள் எதிர்வீட்டு உமையாள் வந்து நின்றாள்.
முப்பத்தெட்டு வயது.
கணவர் போன பிறகு
கோயில் வரிக் கணக்கில் அரைப்புள்ளி.
"இதுல நான் எவ்வளவு?"
"ஒண்ணு."
"முழுசா?"
"முழுசா."
சிரிக்கவில்லை.
எண்பத்தெட்டாம் பட்டியல் என்னிடம் இல்லை என்றேன்.
"இருக்கட்டும், யார்ட்டயாச்சும் இருக்குல்ல" என்று போய்விட்டாள்.

வெள்ளைக்கண்ணுக்கு வருகிறேன்.
கதவு எண் முன்னால், ஆள் பின்னால்.
இருளாயி டீச்சருக்குப் போன் போட்டேன்.
"மீட்டர் எந்தப் பக்கம்?"
முன்பக்கம்.
"சோறு எந்தப் பக்கம் பொங்குறாரு?"
பின்கட்டில், சாக்கு மறைப்புக்குள், ஒற்றை அடுப்பு.
"அப்ப எனக்குத்தான். எழுதி அனுப்பு."
நேரில் கண்டேன் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.

முன்வாசலுக்குத் திரும்பி நோட்டீஸ் ஒட்டப் போனால்
பின்னாலேயே ஓடி வந்தார்:
"சுவத்துல வேணாம்! முட்டைக் கரு பூசுனது.
கை பட்டாலே ஏசுவாக."
பூட்டில் நூல் போட்டுக் கட்டினேன்.

ஜனவரியில் பெயர் வந்தது,
வெள்ளைக்கன்று என்று அச்சாகி.
"விடு தாயி, மாடும் ஒரு ஓட்டுப் போடட்டும்."
நான் விடவில்லை. எட்டாம் படிவம்.

சித்திரையில் தேர்தல்.
பதினான்கில் ஒருவர் வந்தார்,
சென்னையிலிருந்து, நின்றுகொண்டே, பஸ்ஸில்.
நோட்டீஸுக்குப் பதில் போட்டவர்.
அதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளைக்கண்ணு வேலை முடிந்த கையோடு
ஏழு மணிக்கே வரிசையில்.
நின்றபடி உறங்கினார்.
வரிசை நகரும்போதெல்லாம்
பின்னால் நின்றவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

மதியச் சோற்றுக்கு அந்த வழியாகத்தான் போனேன்.
பின்கட்டில் பாய்.
நிழல் இருப்பது சுவரோரம் மட்டும்;
அங்கேதான் கிடந்தார்.
மை எப்போதோ காய்ந்திருக்கும்.
இருந்தும் இடதுகையைப் பாய்க்கு வெளியே,
சுவருக்கு எட்டாத தூரத்தில்
தரையில் தனியாக வைத்திருந்தார்,
விரல் மடக்காமல்.