பெர்ன் முனையில் குதிரைகள்

லெ கொன்கேயில் கப்பல் ஏறமுதலே
சுகிர்தா துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்து
பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள்.
உவெஸான் தீவில் பார்க்க வேண்டியவை: பதினொன்று.
கடைசிக் கப்பல் ஐந்தரைக்கு.

முதலாவது கடல்நாய்கள்.
பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டிருந்ததால்
நான் பார்க்கவில்லை.
"மூன்று கிடந்தது. ஒன்று உன்ர மாமா மாதிரி."

துறையில் லொயிக் என்றொரு பெடியன்
சைக்கிள் தந்தான்.
"மேற்கே போனால் காற்று முகத்தில் அடிக்கும்,
திரும்பி வந்தாலும் முகத்தில்தான்."
பகிடி என்று நினைத்தோம்.

மரமில்லாத ஊர்.
நெய்தல் என்றால் புன்னை, தாழை,
மணலில் நண்டு கீறிய கோலம்
என்றுதானே பாடமாக்கினோம்.
இங்கே கல், கல்லை மூடிய புல்,
முழங்கால் உயரச் செம்மறிகள்
கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
"இது என்ன திணையடி?" என்றேன்.
மூக்கைச் சீறிவிட்டு,
"தடிமன்" என்றாள்.

கறுப்பு வெள்ளைப் பட்டி போட்ட வெளிச்சவீடு:
ஒரு சரி.
கறுப்புத் தேனீ: கடையில், தேன் போத்தலின் லேபிளில்.
அதற்கும் ஒரு சரி போட்டாள்.
பிறகு என் சங்கிலி கழன்றது.

பெர்ன் முனையில்
கூரை போன ஒரு கற்சுவர்.
புகார் மூடிய நாட்களில்
கப்பல்களுக்குக் கேட்கவென்று
இங்கே ஒரு ஊதுகொம்பு இருந்ததாம்.
அதற்குக் காற்று அடைக்கக் குதிரைகள்
சுற்றிச் சுற்றி நடந்தனவாம்.

பத்து வருஷமாய் என்னிடம் ஒரு சொல் இருக்கிறது.
ப்ரெஸ்ட் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
போர்வை மடித்து வந்து
சப்பாத்தைக் கழற்றுகையில் சொல்லுவேன்:
செக்குமாடு.

செக்குமாட்டுக்கு எண்ணெய் வாசமாவது வரும்.
இதுகளுக்கு?
சுவருக்கு அப்பால் ஒரு அலறல்,
அவ்வளவுதான்.
தங்கள் கால்தான் அலறுகிறதென்று
தெரியாமலே நடந்திருக்கும்.
எவனோ ஒருவன் கேட்டு
சுக்கானைத் திருப்பியதும் தெரியாது.
கேட்காமல் போன கப்பல்களும் உண்டு,
கல்லறைத் தோட்டத்தில் உடலில்லாதவர்களுக்கு
மெழுகுச் சிலுவை வைத்திருக்கிறார்கள்.
அது ஒன்பதாவது வட்டம்.
அங்கே நாங்கள் போகவில்லை.
இருவருக்கும் காரணம் தெரியும், பேசவில்லை.

சுகிர்தா சைக்கிளை உருட்டியபடி
சுவருக்குள் ஒரு சுற்று வந்தாள்.
இன்னொரு சுற்று.
"ஊது" என்றாள்.
எண்ணெய்க் கறுப்பேறிய கைகளைக் குவித்து
நான் ஊதினேன்.
ஒரு கடற்காகம் எழும்பி
அதே கல்லில் திரும்ப இருந்தது.

மணி நாலே முக்கால்!

லொயிக் பொய் சொல்லவில்லை.
திரும்பும் வழியெல்லாம் முகத்தில் காற்று, பிறகு மழை.
துண்டுப்பிரசுரம் காற்சட்டைப் பைக்குள்
மாவாய்க் குழைந்தது.
கடைசி இறக்கத்தில் கப்பல் ஊதிவிட்டது.

"வாறம்! நில்லுங்கோ, வாறம்!"
தமிழில்தான் வந்தது வாயில்.
கீழே, கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன்
கையை நிறுத்தி
மேலே பார்த்தான்.