மறுபடி சொல்லுங்கள்

எபேனில் கண்ணாடிக் கட்டடங்களுக்குக்
கதவு எந்தப் பக்கம் என்றே தெரிவதில்லை.
இரண்டு முறை என் முகத்தின் மேலேயே மோதப் பார்த்தேன்.
மூன்றாவது முறை செக்யூரிட்டி கை காட்டினார்.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைதான்.
பாக்கெட்டில் இருந்த முத்திரையை
நேற்றிரவு பிளேடால் பிரித்தேன்.
நூல் போய்விட்டது, ஊசித் துளைகள் போகவில்லை.
வெளிச்சத்தில் நின்றால் பள்ளியின் பேரை இன்னும் படிக்கலாம்.
அதனால் ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே உட்கார்ந்தேன்.
பணிவு என்று நினைத்திருப்பார்கள்.

படிவம்.
தெரிந்த மொழிகள்: கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலம்.
தமிழ் என்று எழுதி,
பக்கத்தில் அடைப்புக்குள் 'பரீட்சை அளவில்' என்று எழுதி,
பிறகு அடைப்பை மட்டும் அடித்தேன்.

முன் அனுபவம் என்று ஒரு பெட்டி.
பெரிய பெட்டி, ஒரு ஆள் படுக்கலாம்.
எதிரே ஒருத்தி இடம் போதாமல்
ஓரத்தில் ஏறி எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் என்ன எழுத?
காம் தியாபிலில் பத்தொன்பது நாள் குழாய் வறண்ட நவம்பரில்
எங்கள் சந்துக்கே போன் செய்தவள் நான்.
மரி-ரோஸ் அக்காவும் தாஹிர் மாமாவும் சுற்றி நிற்க,
'தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்ற குரலை
ஸ்பீக்கரில் போட்டு நாற்பது நிமிடம் கேட்டோம்.
அந்தப் பியானோ எனக்கு மனப்பாடம்,
ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கொஞ்சம் விக்கும்.
கடைசியில் யாரோ எடுத்து வணக்கம் சொன்னதும்
தாஹிர் மாமா அழுதேவிட்டார்,
திட்டுவதற்கென்றே காலையிலிருந்து
சொற்களைச் சேர்த்து வைத்திருந்தவர்.

'இல்லை' என்று எழுதினேன்.
பெட்டி பெரிதாகவே இருந்தது.

அடுத்து ஹெட்போன்.
பிரான்சிலிருந்து பேசுவதுபோல் யாரோ வேகமாகப் பேர் சொல்வார்கள்,
கேட்டதைத் தட்டச்ச வேண்டும்.
பத்துப் பேர்கள், மூன்று நிமிடம்.
'மறுபடி சொல்லுங்கள்' என்று திரையில் ஒரு பொத்தான்,
அழுத்தும்போதெல்லாம் அரை மதிப்பெண் போகும்.

எங்கள் பேர் இப்படித்தான் ஆனது.
கப்பலிலிருந்து இறங்கியவர் முத்துக்கருப்பன் என்றார்.
எழுதியவர் மறுபடி கேட்கவில்லை.
பின்னால் வரிசை நீண்டிருக்கும், வெயில் இருந்திருக்கும்.
மூட்டூக்குர்ப்பேன் என்று விழுந்தது புத்தகத்தில்.
அதிலேதான் பிறந்தோம், அதிலேதான் கல்யாணம்,
ஆஸ்பத்திரிச் சீட்டு, மின்சார பில் எல்லாம்.
என் வங்கிக் கணக்கில் இன்னும் ஒரு எழுத்து கூடுதல்.

அழுத்தினேன்.
ஆறு முறை.
மதாம் பெர்ரின் திரையைப் பார்த்தாள், என் காதைப் பார்த்தாள்.
பத்துப் பேரும் சரி, மூன்று மதிப்பெண் நஷ்டம்.
"சுத்தம். ஆனால் மெதுவு" என்றாள்.
பிறகு, "போனில் நீங்கள் எலோடி என்று இருக்கலாம்,
வாடிக்கையாளருக்குச் சுலபம்."
சரி என்றேன்.
அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்கே பிடிக்கவில்லை.
ஒரு வாரத்தில் சொல்வார்களாம்.

குர்பீப்பில் வழக்கமான தூறல்.
பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது,
தெரியாத எண்.
ஒரு பெண், இன்டர்நெட் பேக்கேஜ் விற்கிறாள்.
நான் எங்கே வைத்துவிடுவேனோ என்று
மூச்சு விடாமல் படிக்கிறாள்.
மற்ற நாளென்றால் இரண்டாம் சொல்லிலேயே வைத்திருப்பேன்.
இன்று முழுவதும் கேட்டேன்.
முதல் மூன்று மாதம் பாதி விலை, மோடம் இலவசம்,
அவளுக்குப் பின்னால் இன்னும் இருபது பேர்
அதையே படிக்கும் இரைச்சல்.

வேண்டாம் என்றேன். பணமில்லை என்றேன்.
கேட்காமலே, வேலை இன்னும் இல்லை என்றும் சொன்னேன்.
"பரவாயில்லை, பேர் மட்டும் குறித்துக்கொள்கிறேன்."
சொன்னேன்.
அந்தப் பக்கம் விசைப்பலகை நின்றது.
"மறுபடி சொல்லுங்களேன்?"

எழுத்தெழுத்தாக ஆரம்பித்தேன்.
கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டியபடி
காத்திருந்தார்.